முப்பதாவது முறையும் வரும் சிரிப்பு: போவெல் ராமெலின் பழைய இசைத்தட்டுகள்

தெரிந்த துணுக்கை மறுபடி சொன்னால் யாருக்கும் சிரிப்பு வராது. இசைத்தட்டோ மறுபடி மறுபடி கேட்பதற்கென்றே செய்யப்பட்ட பொருள். அதனால் நகைச்சுவைப் பாட்டைத் தட்டில் பதிக்கிறவர் தொடக்கத்திலேயே ஒரு சிக்கலில் தலையைக் கொடுக்கிறார். முதல் முறை சிரித்தவரை முப்பதாவது முறையும் கிராமபோன் பக்கத்தில் உட்கார வைப்பது எப்படி? சென்ற நூற்றாண்டில் பல நாடுகளிலும் பதிவான வேடிக்கைப் பாடல்களில் பெரும்பகுதி இதற்குப் பதில் சொல்ல முடியாமல் மறைந்துவிட்டது. சுவீடனின் போவெல் ராமெல் பதில் சொன்னார். 1944 முதல் 1960கள் வரை அவர் பதித்த தட்டுகளை அந்நாட்டு மக்கள் இன்றும் எடுத்துக் கேட்கிறார்கள். பழைய நினைவுகளின் மீதுள்ள ஆசையே இதற்குக் காரணம் என்று சொல்வது எளிது. ஆனால் அவற்றோடு வந்த எத்தனையோ தட்டுகளை அதே ஆசை காப்பாற்றவில்லை. ராமெலின் பாட்டு நிற்பதற்கு வேறு காரணம் இருக்கிறது. அது பாட்டின் உள்ளேயே இருக்கிறது என்பதே என் வாதம்.

ராமெல் 1922 ஜூன் 1 அன்று ஸ்டாக்ஹோமில் பிறந்தார். பிரபுக் குடும்பம், 'பாரன்' என்று பெயருக்கு முன் போட்டுக்கொள்ளும் உரிமை பிறப்பிலேயே வந்தது. பதின்பருவத்தில், 1937இல், கார் விபத்தில் பெற்றோர் இருவரையும் இழந்தார். படிப்பும் பதவியும் போகவேண்டிய வழியில் போகாமல் பியானோவின் பக்கம் சாய்ந்தார். அமெரிக்காவின் ஃபாட்ஸ் வாலர் அவருக்கு ஆதர்சம். பியானோவை அசாத்தியமாக வாசித்துக்கொண்டே, பாடும் வரியை நக்கலாகப் பார்த்துச் சிரிக்கும் அந்தக் கறுப்பினக் கலைஞரிடம்தான் ராமெல் முதல் பாடம் கற்றார் என்று சொல்லலாம். இசையில் துளியும் சமரசம் கிடையாது, சொல்லில் எதையும் விட்டுவைப்பதும் கிடையாது என்பது அந்தப் பாடம். 2007 ஜூன் 5 அன்று, எண்பத்தைந்து நிறைந்த நான்காம் நாள், லீடிங்கோவில் ராமெல் காலமானார். பாட்டு, நகைச்சுவைக் காட்சி, தனியுரை எல்லாம் சேர்த்து அவர் எழுதியவை 1,700 அளவில் வரும்.

இவ்வளவு பெரிய குவியலைப் புரிந்துகொள்ள மூன்று வழிகள் வழக்கத்தில் இருக்கின்றன. அவரை முதன்மையாகச் சொல்லேருழவராகப் பார்ப்பது ஒன்று. எதுகையை எதிர்பாராத இடத்தில் கொண்டுவந்து நிறுத்துவது, அகராதியில் இல்லாத சொல்லைச் செய்வது, ஒரு சொல்லை நடுவில் உடைத்து அடுத்த வரியில் தொடர்வது என்று சுவீடிய மொழியை அவர் வளைத்த விதத்தை இவர்கள் சுட்டுவார்கள். இரண்டாவது வழி அவரை மேடைக்காரராகப் பார்ப்பது. தன் குழுவை வைத்து நாடு முழுக்கச் சிரிப்பு மூட்டிய நிறுவனர் இவர்களின் ராமெல். மூன்றாவது வழி அவரை ஜாஸ் இசைக்காரராகப் பார்ப்பது.

மூன்றும் உண்மைதான். ஆனால் தட்டு என்று வரும்போது மூன்றுக்கும் ஒரே மதிப்பு இல்லை. சொல்விளையாட்டு மட்டுமே பாட்டைத் தாங்குமென்றால், விடுகதைக்கு விடை தெரிந்தபின் சுவை குறைவது போல, எதுகை பழகியதும் பாட்டு வற்றிவிடும். மேடை மட்டுமே தாங்குமென்றால், முகமும் உடையும் அசைவும் கண்ணுக்குத் தெரியாத தட்டில் பாதி போய்விடும். ஜாஸ் இசைக்காரரான ராமெலைப் பிடித்துக்கொண்டால்தான் மற்ற இரண்டும் தட்டில் உயிரோடு நிற்பது ஏன் என்று விளங்கும். அவருடைய பாடலில் சிரிப்பு முதலில் இசையில் பிறக்கிறது. சொல் அதைத் தொடர்ந்து வருகிறது.

அவருக்கு முன் இருந்தவர்களோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். சுவீடனில் மேடை நகைச்சுவைப் பாட்டுக்கு நீண்ட மரபு உண்டு. நாட்டுப்புறத்தானாக வேடமிட்டு, வட்டார வழக்கில் பாடிச் சிரிக்க வைத்தவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இருந்தார்கள். பிறகு எர்ன்ஸ்ட் ரோல்ஃப் வந்தார். கேளிக்கை மேடையின் பெரிய பெயர் அவர். ஏராளமான தட்டுகள் பதித்து 1932இல் மறைந்தார். அடுத்து கார்ல் யெர்ஹார்ட். இவருடைய பலம் அன்றன்றைய அரசியல். ட்ரோயின் குதிரையை வைத்து 1940இல் அவர் பாடிய நாஜி எதிர்ப்புப் பாட்டு தடை செய்யப்பட்டது. துணிச்சலான கலைஞர், அவரிடம் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் இன்று அந்தப் பாட்டைக் கேட்பவர், அந்த ஆண்டின் செய்திகளை முதலில் படித்துவிட்டு வரவேண்டும். யார் அமைச்சர், எந்த நாடு எதைக் கேட்டது, அரசு எதற்கு அஞ்சியது என்று தெரியாவிட்டால் பாட்டின் முனை மழுங்கிவிடும். ராமெலின் பாட்டுக்குச் செய்தித்தாள் தேவையில்லை. அவர் கையாண்ட பொருள் மனிதர்களின் இசைப் பழக்கம்.

1940களின் சுவீடனில் அந்தப் பழக்கமே ஒரு பெரிய சண்டைக் களமாக இருந்தது. நாடு போரில் சேரவில்லை, ஆனால் எல்லைக் காவலும் பங்கீடும் வாழ்க்கையை இறுக்கியிருந்தன. வானொலி ஒரே ஒரு ஒலிபரப்பு வரிசைதான். 1955 வரை இரண்டாவது கிடையாது. ஒருபுறம் 'கம்மல்தான்ஸ்' எனப்படும் பழைய பாணி நடன இசை. அக்கார்டியனை மடியில் வைத்து வால்ஸும் போல்காவும் வாசிக்கும் இந்த மரபில் கார்ல் யூலார்பு போன்றவர்கள் நாடறிந்த நட்சத்திரங்கள். மறுபுறம் இளைஞர்களின் ஜாஸ். ஜாஸைத் தொற்றுநோய் போலப் பார்த்தவர்கள் குறைவல்ல. எரிக் வால்லெஸ் என்பவர் 1946இல் 'ஜாஸ் தாக்குகிறது' என்ற பொருள்படும் தலைப்பிலேயே ஒரு புத்தகம் வெளியிட்டு எச்சரித்தார். அதே ஆண்டில் பள்ளிகளில் முதல் அயல்மொழியாக இருந்த ஜெர்மனை இறக்கிவிட்டு ஆங்கிலத்தை அமர்த்தினார்கள். நாட்டின் காது ஒரு திசையிலிருந்து இன்னொரு திசைக்குத் திரும்பிக்கொண்டிருந்த நேரம் அது.

இந்தச் சண்டையில் ராமெல் ஒரு கட்சியில் சேரவில்லை. இரண்டு கட்சிகளையும் ஒரே பியானோவில் உட்கார வைத்தார். 1944இல் வந்து அவரைப் பிரபலமாக்கிய 'யூஹான்சனின் பூகி-வூகி வால்ஸ்' அதுதான். நம் தாளக் கணக்கில் சொன்னால் உடனே புரியும். பூகி-வூகி சதுஸ்ரம்: நான்கு எண்ணிக்கை, அதில் இடக்கை எட்டெட்டாக இடைவிடாமல் உருண்டுகொண்டே இருக்கும். வால்ஸ் திஸ்ரம்: முதல் அடி கனம், அடுத்த இரண்டும் லேசு. இரண்டும் சேரவே கூடாதவை. யூஹான்சன் என்பதோ அந்நாட்டில் தெருவுக்கு நான்கு பேர் வைத்திருக்கும் பெயர். அமெரிக்கக் கறுப்பினத்தவரின் நகர இசையையும் கிராமத்து நடனக் கொட்டகையின் வால்ஸையும் அந்தச் சாதாரண யூஹான்சனின் கையில் கொடுத்துவிட்டார் ராமெல். தலைப்பைப் படித்ததும் ஒரு சிரிப்பு வரும். அது முதல் சிரிப்பு, ஒருமுறைதான் வரும். கேட்கக் கேட்க வருவது இரண்டாவது சிரிப்பு. சேரக்கூடாதவை சேர்ந்து, அதுவும் நன்றாகச் சேர்ந்து, காலைத் தட்ட வைக்கின்றனவே என்ற வியப்பிலிருந்து வருவது அது. அந்த வியப்பு ஒவ்வொரு முறையும் காதில் புதிதாக நிகழ்கிறது, ஏனென்றால் தாளத்தை நாம் நினைவால் கேட்பதில்லை, உடம்பால் கேட்கிறோம்.

இங்கேதான் ராமெலை மற்ற வேடிக்கைப் பாடகர்களிடமிருந்து பிரிக்கும் கோடு இருக்கிறது. ஒரு இசை வகையைக் கேலி செய்ய அதை மோசமாக வாசிப்பது சுலபமான வழி. சுருதி விலகிப் பாடலாம், தாளத்தைத் தவறவிடலாம், மூக்கால் இழுக்கலாம். முதல் முறை சிரிப்பு வரும். மூன்றாவது முறை எரிச்சல் வரும். ராமெல் எடுத்துக்கொண்ட வகையை அதன் சொந்தக்காரர்கள் அளவுக்கே நன்றாகச் செய்தார். வகையை நேசித்தபடியே அதற்குள் தப்பான விருந்தாளி ஒருவரை நுழைத்துவிடுவார். 'பர்த் ஆஃப் தி கம்மல்தான்ஸ்' இதற்கு இன்னொரு சான்று. 'ப்ளூஸின் பிறப்பு' என்று 1926இல் ஒரு பெரிய அமெரிக்கப் பாட்டு வந்தது. ப்ளூஸுக்கு அப்படியொரு புராணம் உண்டென்றால் எங்கள் ஊர் அக்கார்டியன் நடனத்துக்கும் ஏன் இருக்கக்கூடாது என்று ராமெல் ஒன்று படைத்துக் கொடுத்தார். அதில் சுவீடிய நடன இசை சிறுமைப்படுவதில்லை. அதற்கு அதுவரை யாரும் தராத மரியாதை, சிரிப்பின் வழியாகக் கிடைக்கிறது.

'தி க்ரேசெங்க்லிங் ப்ளூஸ்' என்ற பாட்டை நான் இன்னும் மேலே வைப்பேன். சுவீடனில் கோடை வந்தால் நகரத்துக் குடும்பங்கள் கிராமத்து வீட்டுக்குப் போய்விடும். வேலை இருக்கும் கணவன் மட்டும் நகரத்து அடுக்ககத்தில் தங்குவான். அந்தத் தற்காலிகத் தனியாளின் ப்ளூஸ் இது. ப்ளூஸ் என்பது அடிமைத்தனத்தையும் வறுமையையும் பிரிவையும் கண்ட மக்களின் வடிவம். அதன் கனத்தை அப்படியே வைத்துக்கொண்டு, துயரத்தின் காரணத்தை மட்டும் மனைவி ஊருக்குப் போனதாகச் சுருக்குகிறார். இசை பெரிது, காரணம் சிறிது. அந்த இடைவெளியில்தான் சிரிப்பு. ஆனால் பலமுறை கேட்டபின் அந்த மனிதன் மேல் உண்மையாகவே இரக்கம் வரத் தொடங்குகிறது, ஏனென்றால் இசை பொய் சொல்லவில்லை. தனிமை சிறியதாக இருந்தாலும் தனிமைதான்.

'குராசாவ் போகும் வழி இப்படி ஆடத்தான் வேண்டுமா' என்று கேட்கும் பாட்டில் வெப்பநாட்டுத் தாளமே கப்பலின் ஆட்டமாகிறது. நடனத்துக்கு உடலைக் குலுக்க வைக்கும் அசைவும் வயிற்றைப் புரட்டும் அசைவும் ஒன்றுதான் என்பதே அதன் கருத்து. 'அப்பா, என் தேங்காயை உடைக்க முடியவில்லை' என்ற 1950 பாட்டு ஓர் ஆங்கில வேடிக்கைப் பாட்டின் மெட்டை எடுத்துக்கொண்டது. மூலத்தில் இருப்பது சந்தைத் திடலில் தேங்காயைக் குறிவைத்து எறியும் விளையாட்டு. ராமெல் சந்தையை விட்டுவிட்டு, தேங்காயோடு போராடும் ஒரு வீட்டைப் பிடித்துக்கொண்டார். தேங்காயை அன்றாடம் உடைக்கும் நமக்கு இது கூடுதலாகச் சுவைக்கும். இந்த இரண்டு பாட்டுகளும் சுவீடனில் பெரும்புகழ் பெற்றவை. ஆயினும் தேங்காய்ப் பாட்டை அவருடைய மேலான படைப்புகளோடு சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. அதில் சொல்லும் கதையும் வேலை செய்யும் அளவுக்கு இசை வேலை செய்வதில்லை. மெட்டு இரவல் என்பது காதுக்குத் தெரிகிறது.

இந்தத் தட்டுகள் எப்படிப் பதிவாயின என்பதையும் கணக்கில் எடுக்கவேண்டும். 78 வேகத்துப் பத்து அங்குல அரக்குத் தட்டில் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடம். 1944இல் ஒட்டி வெட்டும் வசதி கிடையாது. பாட்டு சுழலும் தட்டில் நேரடியாக வெட்டப்பட்டது. ஓரிடத்தில் பிசகினால் முழுப் பக்கத்தையும் முதலிலிருந்து பாடவேண்டும். நகைச்சுவையில் இது பெரிய சோதனை. சிரிப்பு என்பது இடைவெளியின் கணக்கு: ஒரு சொல்லுக்கு முன் அரை மாத்திரை அதிகம் நின்றால் கெட்டுப்போகும், குறைந்தாலும் கெட்டுப்போகும். மேடையில் அந்த இடைவெளியைக் கூட்டத்தின் சிரிப்பே அளந்து கொடுத்துவிடும். பதிவுக்கூடத்தில் சிரிக்க யாருமில்லை. பாடுகிறவர் தானே அளக்கவேண்டும். ராமெலிடம் அந்த அளவுகோல் தாளம்தான். அவருடைய நிறுத்தங்கள் நடிகனின் நிறுத்தங்களல்ல. தாளத்துக்குள் விழும் இசைக்காரனின் நிறுத்தங்கள். கூட்டத்தின் சிரிப்பை நம்பிய எத்தனையோ மேடை நட்சத்திரங்கள் தட்டில் தட்டையாகிவிட, இவர் தட்டில் பிரகாசிப்பது இதனால்தான்.

மூன்று நிமிட எல்லையும் அவருக்கு நன்மையே செய்தது. நீட்ட இடமில்லை, ஒரே ஒரு கற்பனை, அதன் இரண்டு மூன்று திருப்பம், முடிவு. பின்னாளில் நீண்ட தட்டுகள் வந்து இடம் தாராளமானபோது அவருடைய கற்பனையும் தாராளமாகப் பரந்தது. சில இடங்களில் அது அழகு, சில இடங்களில் வெறும் நீளம். அற்புதமானது குறுகியதாகவே இருக்கும் என்ற பொருளில் அவர் 1950களில் பாடிய பாட்டின் தலைப்பு சுவீடிய மொழியில் பழமொழிபோல் வழங்கிவருகிறது.

1952இல் அவர் ஃபெலிக்ஸ் ஆல்வோவோடு சேர்ந்து 'க்னெப்புப்' நிறுவனத்தைத் தொடங்கியபின் கதை மாறுகிறது. கேளிக்கை நிகழ்ச்சிகள் முதலில் ஸ்டாக்ஹோம் அரங்கில் நடந்தன. பிறகு கூடாரம் அடித்து நாடெங்கும் சுற்றின. மார்ட்டின் யுங், பிரிட்டா போர்க், குன்வேர் பெரிக்விஸ்ட் போன்றவர்கள் இந்தக் குழுவின் தூண்கள். நிறுவனத்தின் பெயரிலேயே தட்டுகளும் வந்தன. நான்கு பாட்டு கொள்ளும் 45 வேகத்துச் சிறிய ஈபிகள் பல வீடுகளில் புகுந்தன. 1956இல் ஹஸ்ஸே ஏக்மான் இயக்கிய 'ரட்டாட்டா' படத்தில் ராமெலே நாயகன். இந்தக் காலத்தின் மிகப்பெரிய லாபம், என் கணிப்பில், பிரிட்டா போர்க். 1959 யூரோவிஷன் போட்டியில் சுவீடனுக்காகப் பாடிய இவருக்கு ஆழமான, அடர்த்தியான குரல். சிரிப்பு மூட்டும் வரியையும் காதல் பாட்டின் கௌரவத்தோடு பாடுவார். தான் பாடுவதை விட வேறொருவர் பாடினால் சிறக்கும் என்று ராமெல் அறிந்து எழுதிய இடங்கள் இவை; தன்னை முன்னிறுத்தும் தொழிலில் இருந்த ஒருவருக்கு அது பெரிய குணம்.

குறையும் உண்டு, அதையும் சொல்லவேண்டும். ஆப்பிரிக்க-அமெரிக்க இசையை உயிராக நேசித்த இந்தத் தலைமுறை, அந்த இசையைப் படைத்த மக்களைப் பல நேரம் கேலிச்சித்திரமாகவே கண்டது. கறுப்பினப் பெண், காட்டுவாசி, வெப்பநாட்டுச் சோம்பேறி போன்ற அச்சுகள் அக்காலச் சுவீடிய வேடிக்கைப் பாடல்களில் தாராளமாக உண்டு. க்னெப்புப் தட்டுகளிலும் உண்டு. அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் என்று ஒதுக்குவது சரியல்ல. அதற்காகத் தட்டையே மறைத்துவிடுவதும் சரியல்ல. ஃபாட்ஸ் வாலரைக் குருவாகக் கொண்டவரின் வட்டத்திலேயே இது நடந்தது என்பது அந்தக் காலத்தைப் பற்றி நமக்குக் கற்றுத்தருவது அதிகம். மறுவெளியீடுகளில் இதற்கென்று ஒரு பக்கம் ஒதுக்கி நேராக எழுதவேண்டும்.

மறுவெளியீடு என்றதும் இன்னொரு கவலை. பழைய 78 தட்டின் பள்ளம் அகலமானது. அதற்கு வேண்டிய ஊசியின் முனை பிற்கால எல்பி ஊசியைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. தவறான ஊசியால் ஓட்டினால் ஒலி பள்ளத்தின் அடியில் தேய்ந்து வரும், இரைச்சல் கூடும். அந்த இரைச்சலைக் கணினியால் துடைக்கிறேன் என்று கிளம்பும்போது பெரிய இழப்பு நேர்கிறது. இரைச்சல் வாழும் அதே உயர் அதிர்வெண்களில்தான் ஸ, ஷ, ட, த போன்ற மெய்யொலிகளின் கூர்மையும் வாழ்கிறது. சோகப்பாட்டில் உயிரெழுத்து நீண்டால் போதும். வேடிக்கைப் பாட்டில் மெய்யெழுத்து கூராக இருக்கவேண்டும். அது மழுங்கினால் எதுகை விழுவது கேட்காது, எதுகை கேட்காவிட்டால் சிரிப்பில்லை. ராமெலின் சில பாட்டுகளை வழவழப்பாகத் துடைத்த வடிவத்தில் கேட்டவர்கள், இதில் என்ன இருக்கிறது என்று கேட்டால் அவர்கள் மேல் குற்றமில்லை. கொஞ்சம் கொரகொரப்போடு விட்டுவைத்த பதிவே இவருக்கு நியாயம் செய்யும்.

சுவீடன் தன் ஒலிச் செல்வத்தைப் பொறுப்போடு காத்து வருகிறது. 1979 முதல் ஒலி, ஒளிப் பதிவுகளைச் சட்டப்படி அரசுக் காப்பகத்தில் ஒப்படைக்கும் முறை இருக்கிறது. அந்தப் பணி இப்போது அந்நாட்டின் தேசிய நூலகத்தின் கையில். ராமெலின் பெயரில் ஒரு சங்கம் இயங்குகிறது. அவரே ஏற்படுத்திய 'கரமெலோடிக்ட்' விருது 1983 முதல் சொல்லையும் இசையையும் புதிதாகக் கலப்பவர்களுக்கு வழங்கப்படுகிறது. பொருளுக்குப் பஞ்சமில்லை. மொழி தெரியாதவர்களுக்கு வழிகாட்டும் குறிப்புகளுக்குத்தான் பஞ்சம். பாட்டுக்குப் பாட்டு எந்த இசை வகை எதோடு மோதுகிறது என்று நான்கு வரி எழுதி, ஒவ்வொரு பதிவின் ஆண்டையும் வாசித்தவர்களையும் சேர்த்து ஒரு தொகுப்பு வந்தால், இந்தத் தட்டுகள் வடக்கு ஐரோப்பாவுக்கு வெளியேயும் செல்லும். காப்பகமும் சங்கமும் சேர்ந்தால் இது பெரிய வேலையல்ல.

சுவீடிய மொழி தெரியாமல் ராமெலைக் கேட்க முடியுமா என்ற கேள்விக்கு என் பதில் இது: முழுதாக முடியாது, ஆனால் பாதிக்கு மேல் முடியும், அந்தப் பாதி அசலான பாதி. கேட்க விரும்புகிறவர் 1944இன் யூஹான்சன் பாட்டில் தொடங்கி, க்ரேசெங்க்லிங் ப்ளூஸுக்கும் குராசாவ் பாட்டுக்கும் வந்து, பிறகு பிரிட்டா போர்க்கின் ஈபிகளுக்குப் போகலாம். ஜாஸின் கடைசி ரசிகர்களைப் பற்றி 1960களின் பிற்பகுதியில் அவர் எழுதிய பாட்டைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். தன் இளமையின் இசை முதுமையடைவதைக் கண்ட ஒருவர் அதை அழாமல் பாடியிருக்கிறார். ஒவ்வொன்றையும் முதலில் பொருள் தேடாமல் கேளுங்கள். இரண்டாம் முறை பொருளைத் தெரிந்துகொண்டு கேளுங்கள். மூன்றாம் முறை பாடகரை விட்டுவிட்டு, அடியில் ஓடும் தாளத்தை மட்டும் கேளுங்கள்.